அட்டை அக்காவின் ஐந்தாம் தேதி

நான் வேன் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருஷம் ஒரே பத்திரிகைக்கு ஓட்டினேன். அது கடையில் கிளிப் போட்டுத் தொங்குகிற பத்திரிகை இல்லை. சினிமா, ஜோசியம், துணுக்கு எதுவும் அதில் கிடையாது. அநாதை இல்லம் நடத்துகிறவர்கள், பார்வை இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்திருப்பவர்கள், ரத்ததானச் சங்கத்துக்காரர்கள், இந்த மாதிரி தொண்டு செய்கிறவர்களே தங்களுக்குள் படித்துக்கொள்கிற மாத இதழ். எந்தச் சட்டம் மாறியது, எந்த இல்லத்துக்குப் புது மேலாளர் வந்தார், தானமாக வந்த பழைய போர்வையை எப்படித் துவைத்துக் கொடுப்பது, இதெல்லாம்தான் அதில் செய்தி. வெளியாள் எடுத்தால் இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி விடுவான். ஆனால் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ஒரு இதழ் தவறினாலும் போன் போட்டுக் கத்துவார்கள்.

ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. நுழைந்ததும் ஆசிரியர் அறை. அடுத்து, எழுதுகிற இரண்டு பேர். கடைசியில் நான் இதழ்களைக் கட்டுக் கட்டுகிற பெஞ்சு. பெஞ்சுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேஜை, ஒரு டெலிபோன், பன்னிரண்டு இழுப்பறை வைத்த மர அலமாரி. அந்த மேஜையில் இருந்தவரைத்தான் நாங்கள் அட்டை அக்கா என்போம்.

அலமாரி முழுக்க அட்டைகள். ஒரு அமைப்புக்கு ஒரு அட்டை. மொத்தம் ஆயிரத்துக்கு மேல். வருஷத்துக்கு ஒரு முறை நாங்கள் போடுகிற முகவரிப் புத்தகம் அந்த அட்டைகளிலிருந்துதான் வரும். அக்கா ஒவ்வொரு அமைப்புக்கும் போன் போட்டு, முகவரி, தலைவர் பெயர், எத்தனை பேருக்கு உதவுகிறார்கள் என்று கேட்டுப் பென்சிலில் எழுதுவார். பிறகு, "அங்க வேற யாராவது இருக்காங்களா? அவங்ககிட்ட ஒரு வார்த்தை குடுங்க" என்பார். இரண்டாவது ஆளிடமும் அதே கேள்விகள். இரண்டும் ஒத்துப் போனால்தான் பென்சில் மேல் பேனா ஓடும். இது ஆசிரியர் போட்ட சட்டம் இல்லை. அக்காவே தனக்குப் போட்டுக்கொண்டது. ஒருவர் சொன்னது தகவல், இரண்டு பேர் சொன்னால்தான் உண்மை என்பார்.

எங்கள் இதழில் 'தேவை – உண்டு' என்று ஒரு பக்கம் வரும். இடது பாதியில் யாருக்கு என்ன வேண்டும், வலது பாதியில் யாரிடம் என்ன மிச்சம் இருக்கிறது. 'இருபது கட்டில் தேவை.' 'நல்ல நிலையில் தையல் மெஷின் மூன்று உண்டு.' முகவரிப் புத்தகத்தில் இருக்கிற அமைப்புக்குத்தான் அதில் இடம். ஐந்தாம் தேதியோடு அந்தப் பக்கத்துக்குக் கதவு சாத்திவிடுவோம். அதையும் அக்காதான் பார்த்துக்கொண்டார். ஐந்தாம் தேதி அந்தப் போன் அடித்துக்கொண்டே இருக்கும். ரிசீவர் அழுத்தி அழுத்தி அவருடைய இடது காது மட்டும் எப்போதும் சிவந்திருக்கும்.

நாளெல்லாம் பேசுகிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போனை வைத்துவிட்டால் அவரிடம் பேச ஆள் கிடையாது. எழுதுகிற இரண்டு பேரும் டீ குடிக்கக் கீழே போனால் அக்காவைக் கூப்பிட மாட்டார்கள். வேண்டுமென்று இல்லை, தோன்றாது. அலமாரியைக் கூப்பிடுவோமா? அந்த மாதிரி.

வீட்டிலும் அதேதான். அவர் இருந்தது அவருடைய சொந்த அக்கா வீட்டு மாடி அறையில். அந்த அக்கா இறந்து பல வருஷம். பிள்ளைகள் இரண்டையும் வளர்த்து ஆளாக்கியது இவர். அதுகள் வேலை, கல்யாணம் என்று தூரப் போய்விட்டன. அந்த அக்காவின் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டு கீழே இருந்தார்.

"அக்கா புருஷனோட ரெண்டாவது பொண்டாட்டிய நான் என்னன்னு கூப்பிடணும் தம்பி?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

"தெரியலக்கா. அண்ணியா?"

"அண்ணன் பொண்டாட்டிதான் அண்ணி. இதுக்கு முறையே கிடையாது. நல்லவேளை, அவளும் என்னக் கூப்பிடறதில்ல. ரெண்டு பேருக்கும் சிரமம் இல்லாம ஓடுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சணல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆயிரம் அட்டைகளில் ஒரு அட்டை மட்டும் வேறு. அதைச் சக்கர நாற்காலிச் சங்கம் என்போம். உடைந்த சக்கர நாற்காலி, ஊன்றுகோல் இவற்றை வாங்கிப் பழுது பார்த்து, நடக்க முடியாதவர்களுக்குச் சும்மா கொடுக்கிற சங்கம். பட்டணத்துக்கு மறுபக்கம். அங்கே ஒரு கிளார்க் இருந்தார். ஒன்பது வருஷமாக, மாதா மாதம் ஐந்தாம் தேதி சரியாகப் பதினோரு மணிக்கு அவர் போன் வரும். 'வலது பக்கச் சக்கரம் இரண்டு தேவை.' 'சிறு பிள்ளை அளவு ஊன்றுகோல் தேவை.' இரண்டு வரி விளம்பரம். அதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் போதும். அவர்கள் பேசுவது பத்து நிமிஷம், கால் மணி நேரம்.

பக்கத்து பெஞ்சில் இருந்ததால் அக்காவின் பேச்சு என் காதில் விழும்.

"இருமல் இன்னும் போகலியா? போன மாசமும் இதேதானே?... ஆமா, சாப்பிட்டாச்சு. நீங்க?... அதென்ன, மதியம் மூணு மணிக்கா? அந்தத் தலைவர் உங்கள விடவே மாட்டாரா?"

விளம்பர வாசகத்துக்கு அந்த அமைப்பின் தலைவர் வாயால் சரி சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். அதனால் கடைசியில் கிளார்க் தலைவரிடம் போனைக் கொடுப்பார். தலைவர் வந்தாலே அக்கா முகம் சுருங்கிவிடும். அப்படி ஒரு சிடுமூஞ்சியாம். "வாசகம் சரி. கிளார்க்குக்கு நிறைய வேலை இருக்கு, வெக்கறேன்" என்று வெடுக்கென்று வைத்துவிடுவாராம். செயலாளர் ஒருவரும் உண்டு. அவர் மூக்கால் பேசுவார், வருஷத்துக்கு ஒரு முறை முகவரி சரிபார்க்கும்போது மட்டும் வருவார்.

"பாவம் தம்பி அந்த மனுஷன்," என்பார் அக்கா. "உக்கார ஒரு நல்ல நாற்காலி கூட இல்லியாம். ஊருக்கெல்லாம் நாற்காலி குடுக்கற சங்கம், இவருக்கு ஒரு ஸ்டூல். ஞாயித்துக்கிழமையும் வேலையாம். அந்தத் தலைவருக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

ஒரு தடவை பொறுக்க முடியாமல் அந்தத் தலைவருக்கே கடிதம் எழுதிவிட்டார். உங்கள் கிளார்க்குக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை கொடுங்கள், தொண்டு செய்கிறவர்களே தங்களிடம் வேலை செய்கிறவரை இப்படி நடத்தலாமா என்று. பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. இனி ஞாயிறு விடுமுறை. தலைவர்.' கீழே கையெழுத்து, சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப். அக்கா அதை என்னிடம் காட்டினார். ஒரு பெரிய வழக்கில் ஜெயித்த மாதிரி முகம். வேறு யாரிடமும் காட்டவில்லை. காட்ட யார் இருக்கிறார்கள்?

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சோபா கடை விவகாரம் வந்தது.

நோயாளிப் பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுக்கிற இல்லம் என்று எங்கள் புத்தகத்தில் ஒரு முகவரி இருந்தது. அக்கா இரண்டு பேரிடம் போனில் விசாரித்துப் பேனாவால் எழுதிய அட்டைதான். ஒரு அப்பா அம்மா, சிகிச்சைக்கு வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியோடு அந்த முகவரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்தது சோபா கடை. கடைக்காரனும் அவன் மச்சானும்தான் போனில் பேசி, இல்லத்தின் பெயரில் வந்த கட்டில் மெத்தையை எல்லாம் விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த அப்பா அம்மா நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். பிள்ளையை என் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "வேற எடம் ஏதாவது இருந்தா சொல்லுங்கம்மா" என்று மட்டும் கேட்டார்கள். அக்கா எட்டு இடத்துக்குப் போன் போட்டு ஒன்றில் அறை வாங்கிக் கொடுத்தார். நான்தான் வேனில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அக்கா அந்த அட்டையை மேஜையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வாய் கேட்டுத்தானே எழுதினேன் தம்பி," என்றார்.

அடுத்த வாரமே ஆசிரியர் புதுச் சட்டம் போட்டார். ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கிற அமைப்பு எதுவானாலும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று பொறுப்பாளர்கள் கண்முன்னால் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் புத்தகத்திலிருந்து நீக்கம், 'தேவை' பக்கத்திலும் இடம் இல்லை. அப்படி நாற்பத்தொரு அட்டை தேறியது. நான் கட்டு இறக்கப் போகிற வழியில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று ஏற்பாடு.

நாற்பதைப் பார்த்து முடித்தோம். ஒன்பதை அக்கா நீக்கினார். இரண்டு இடத்தில் அழுதார்கள். ஒரு இடத்தில் நாயை அவிழ்த்து விட்டார்கள். அக்கா அசரவில்லை. கடைசியில் மிச்சம் இருந்தது சக்கர நாற்காலிச் சங்கம். கடைசியாக வைத்ததே அவர்தான்.

அன்றைக்குப் புதுச் செருப்பு போட்டு வந்தார். வேனில் ஏறும்போதே கடித்திருக்க வேண்டும், விந்தி ஏறினார். மடியில் பழைய துணி வைத்து அவரே தைத்த ஒரு சின்ன மெத்தை. ஸ்டூலில் போட்டு உட்கார.

"யாருக்குக்கா மெத்தை? தலைவருக்கா?" என்றேன், வம்புக்கு.

"தலைவருக்கு இன்னிக்கு இருக்கு. நேருக்கு நேர் நாலு வார்த்தை கேக்காம வர மாட்டேன். ஒரு மனுஷன இருமிக்கிட்டே வேலை வாங்கறது தொண்டான்னு கேப்பேன்."

"கேளுங்க. நாய் இருக்கான்னு மட்டும் மொதல்ல பாத்துக்குங்க."

"வண்டிய பாத்து ஓட்டுடா."

அவர் என்னை 'டா' போட்டது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் இருந்தார் என்று அர்த்தம். கொஞ்ச தூரம் போனதும், "ஆள் எப்படி இருப்பார்னு நெனைக்கிற?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "எப்படி இருந்தா நமக்கென்ன" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சங்கம் இருந்தது பஸ் கராஜுக்குப் பின்னால், வரிசையாக இருந்த தகரக் கொட்டகைகளில் ஒன்று. வெளியே பெயர்ப் பலகை ஒழுங்காக இருந்தது. உள்ளே காலிழந்த நாற்காலிகள் கூரை வரைக்கும் அடுக்கி இருந்தன. ஒரு ஆள் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் தலையை விட்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து வர்றோம். கிளார்க் இருக்காருங்களா?" என்றார் அக்கா.

சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கை பிடித்து நிறுத்தியது. தலை வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான்தாம்மா," என்றார். அந்தக் குரல் கேட்டதும் அக்காவின் முகம் அப்படியே மலர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு மறக்கவில்லை.

"நீங்க நேர்லயே வருவீங்கன்னு நெனைக்கல," என்றார் அவர். கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சட்டம் மாறிடுச்சு. தலைவர், செக்ரட்டரி, நீங்க, மூணு பேரும் கையெழுத்துப் போடணும். எங்க அவங்க?"

"வெளிய போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"இன்னிக்கு வர மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

"பரவால்ல, இருந்து பாக்கறோம். இவனுக்கு இன்னிக்கு வேற கட்டு இல்ல," என்று அக்கா அங்கே இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது சக்கர நாற்காலி என்பதைக் கூடக் கவனிக்கவில்லை. மெத்தையை எடுத்து நீட்டினார். "ஸ்டூல்ல போட்டுக்கறதுக்கு." அவர் வாங்கிக்கொண்டு, கிரீஸ் படாமல் எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. சுவரோரம் பலகையில் இருந்தது. இரண்டு தடவை அடித்தும் அவர் எடுக்கவில்லை.

"எடுங்களேன்," என்றார் அக்கா.

எடுத்தார். எதிர்ப்பக்கம் சத்தமாகப் பேசுகிற ஆள், எங்களுக்கே கேட்டது. ஏதோ ஆஸ்பத்திரி ஸ்டோர் பொறுப்பாளராம். ஆறு சக்கர நாற்காலி கழித்து வைத்திருக்கிறாராம். இன்றைக்கே எடுக்கவில்லையென்றால் பழைய இரும்புக்குப் போய்விடும். ஆனால் கிளார்க் சொன்னால் செல்லாது, தலைவர் வாயால் கேட்க வேண்டும். அவர்கள் சட்டம் அது.

கிளார்க் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி, காலிழந்த நாற்காலிகளைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க, தலைவரக் கூப்பிடறேன்," என்று ரிசீவரைப் பலகையில் வைத்தார். பக்கத்தில் இருந்த ஊன்றுகோலை எடுத்துத் தரையில் நாலு தட்டுத் தட்டினார். முதலில் மெல்ல, போகப் போகப் பலமாக, யாரோ தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி. ரிசீவரை எடுத்தார். "ஆமா, தலைவர்தான் பேசறேன். என்ன விஷயம்? சுருக்கமா சொல்லுங்க."

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கல்லில் கத்தி தீட்டுகிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்கா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆறு நாற்காலிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு அவர் போனை வைத்தார். சுவரைப் பார்த்தே நின்றார்.

"தலைவர் போயிட்டாரா?" என்று கேட்டார் அக்கா.

"போயிட்டார்."

"செக்ரட்டரி?"

"அவரும் நான்தாம்மா."

கராஜில் ஒரு பஸ்ஸை உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அடங்கியதும் அக்கா வாய் திறந்தார்.

"நான் அந்தத் தலைவர எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? வர்ற வழியெல்லாம் திட்டினேன். இவனக் கேளுங்க."

"திட்டினாங்க," என்றேன்.

"திட்ட வேண்டிய ஆள்தாம்மா," என்றார் அவர்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"மொத நாளு நீங்கதான் கேட்டீங்க. 'அங்க வேற யாராவது இருக்காங்களா'ன்னு. யாரும் இல்லன்னு சொல்ல வாய் வரல. ஆஸ்பத்திரில வார்டு ஆளா இருந்து, வேலைய விட்டு வந்து, இத ஆரம்பிச்சு நாலு மாசம். அதுவரைக்கும் அந்தக் கேள்விய யாரும் கேக்கல. சட்டுனு செக்ரட்டரி வந்துட்டார். ஒருத்தர் வந்தப்புறம் இன்னொருத்தர் வர்றதா கஷ்டம்?"

"சரி, தலைவர ஏன் அவ்வளவு சிடுமூஞ்சியா வெச்சீங்க?"

அவர் மெத்தையைக் கக்கத்திலிருந்து எடுத்து ஸ்டூலில் வைத்தார். "நீங்க பேச ஆரம்பிச்சா எனக்கு போன வெக்க மனசு வராது. வேலை அப்படியே கெடக்கும். யாராவது வந்து வெடுக்குனு வெச்சாத்தான் உண்டு. அதுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு."

அக்கா கடித்த செருப்பைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நீங்க லெட்டர் போட்டதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை நான் வேலை செய்யறதில்லம்மா. நெசமாவே. கொட்டகையத் தொறக்கறதே இல்ல."

"ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யறதில்ல. அதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

அக்கா பையிலிருந்து அட்டையை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் எழுதவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். தலைவரா நான் ஒரு கையெழுத்துப் போடறேன். கராஜ்ல ஒருத்தனக் கூட்டிட்டு வர்றேன், அவன் செக்ரட்டரி. இந்த ஆளு வேலை செய்யறது கண்ணு முன்னாடி தெரியுது. இது சோபா கடை இல்ல."

"சோபா கடைக்காரனும் இப்படித்தான் ரெண்டு ஆளக் காட்டினான்," என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "அந்தப் பிள்ளையோட கால் உன் பெஞ்சுல தொங்கிட்டிருந்தது. நீயும்தானே பாத்த?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும். அட்டைக்குத் தெரியாதே."

அந்த ஆள்தான் முடித்து வைத்தார். "தம்பி, விடுங்க. அம்மா சொல்றது சரி. புத்தகத்தப் பாத்துட்டு ஒருத்தர் தலைவரத் தேடி வந்தா நான் எத்தன நாளைக்கு வெளிய போயிருக்கார்னு சொல்றது?" பிறகு அக்காவிடம், "எழுதுங்கம்மா" என்றார்.

அக்கா எழுதினார். 'பொறுப்பாளர் ஒருவர் மட்டும். நீக்கம்.' தேதி போட்டார். பேனாவால்தான். எழுந்து, செருப்பு கடிக்க விந்தி நடந்து வந்து வேனில் ஏறினார். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது, "சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். மணி நாலு.

அவர் சும்மா விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் ஆசிரியர் அறைக்குள் போய், தனியாளாகத் தொண்டு செய்கிறவர்களுக்குப் புத்தகத்தில் தனியாக ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

"இது அமைப்புகளோட புத்தகம்மா," என்றார் ஆசிரியர். "ஒரு ஆள் நாளைக்குப் படுத்துட்டா யாரு பொறுப்பு? நல்ல மனுஷன்தான், நான் இல்லன்னு சொல்லல. தனியாள நான் எப்படிப் போடறது?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா சரி என்று வந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஐந்தாம் தேதி வந்தது. காலையிலிருந்து போன் அடித்தது. போர்வை, பாத்திரம், பால் பவுடர். பதினோரு மணிக்கு ஒரு போன் வந்தது, அக்கா கை பட்டு பென்சில் டப்பா விழுந்தது. கட்டில் கேட்டு ஒரு முதியோர் இல்லம். அவர் எழுதிக்கொண்டார். எனக்கு அங்கே இருக்கப் பிடிக்காமல் கட்டுகளை இறக்கக் கீழே போய்விட்டேன்.

அதற்கடுத்த மாதமும் அப்படியே. அவர் மெலிந்துவிட்டார், அழுதார் என்றெல்லாம் எழுதினால் பொய். வேலை வழக்கம்போல நடந்தது. ஆனால் முன்பு ஐந்தாம் தேதி சாயங்காலம் என்னிடம் சொல்வதற்கு ஏதாவது ஒன்று இருக்கும். அது நின்றுபோனது. போனைத் துடைத்து வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, முறை இல்லாத அந்த வீட்டுக்குப் போய்விடுவார்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். கட்டு இறக்கப் போகிற ஆஸ்பத்திரி, இல்லம் எல்லாவற்றிலும் உடைந்த நாற்காலி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் வேனில் போட்டுக்கொண்டு போய்க் கொட்டகையில் இறக்கினேன். அந்த மனுஷனுக்கு வேலைக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும், "அம்மா எப்படி இருக்காங்க?" என்பார்.

"போன் இருக்கில்ல? நீங்களே கேக்கறது."

"என்ன விஷயம்னு சொல்லிப் பேசறது தம்பி? முன்னாடி விளம்பரம் இருந்துச்சு."

ஆபீஸுக்கு வந்தால் அக்கா, "இருமல் எப்படி இருக்கு அவருக்கு?" என்பார்.

"எனக்கென்ன தெரியும், நான் டாக்டரா? போன் போட்டுக் கேளுங்க."

"நல்லா இருக்கே. என்னன்னு சொல்லி போடறது?"

இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆயுசு முழுக்க ஒரு காரணத்துக்காக மட்டுமே பேசிப் பழகிய ஆட்கள். காரணம் போனதும் வாய் ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை அக்காவிடம் கத்தியே விட்டேன். "காரணம் இல்லாமப் பேசினா போன் வெடிச்சிடுமாக்கா?" எழுதுகிற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒரு அட்டையை எடுத்து ஊதி, தூசு தட்டி, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

எங்கள் ஆபீஸில் போனுக்கு ஒரு நோட்டு உண்டு. வெளியே பேசினால் தேதி, யாருக்கு, என்ன காரணம், எத்தனை நிமிஷம் என்று எழுத வேண்டும். சனிக்கிழமை ஆசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நீக்கம் நடந்து ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை, வேன் ரிப்பேர் பற்றிப் பேச ஆசிரியர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? 'சக்கர நாற்காலிச் சங்கம்'. நாமதான் எடுத்துட்டோமே. காரணம்னு போட்டிருக்கற எடத்துல 'சும்மா'ன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். சும்மாதான் பேசினேன்."

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல என்ன பேசறதுன்னு தெரியல சார்."

"இது ஆபீஸ் போன்மா. சொந்தப் பேச்சுக்கு இல்ல."

"தெரியும் சார். அதனாலதான் மறைக்காம எழுதினேன். இனிமேலும் எழுதுவேன்."

ஆசிரியர் அவரையே பார்த்தார். அத்தனை வருஷத்தில் அக்கா அவரிடம் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவர் பேனாவை எடுத்து, மற்ற வரிகளோடு அந்த வரிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். வேன் ரிப்பேரை மறந்தே போனார், நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மதியம் எல்லோரும் கீழே டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் பெஞ்சில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா எண்ணைச் சுற்றினார். சுற்றிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"நான்தான்... ம், இருக்கேன்... சாப்பிட்டேன்... இங்கயும் வெயில்தான்." பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கமும் பேசவில்லை என்று தெரிந்தது. அக்கா டெலிபோன் ஒயரைச் சுண்டுவிரலில் சுற்றினார், அவிழ்த்தார். "வேற என்ன... ஒண்ணும் இல்ல... அப்ப வெச்சிடவா?"

அந்தப் பக்கம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"சரி, வெக்கல," என்றார் அக்கா.